அகலமாக எழுதிய கோரிக்கை

தோள்பட்டை கழன்று விழுந்துவிடும்போல வலித்தது நெட்டையனுக்கு. கிடங்கில் மூட்டை தூக்கிக் காய்ப்பேறிய தோள். காப்புரிமை அலுவலகத்தின் பிளாஸ்டிக் நாற்காலி மிச்ச உடம்பையும் பதம் பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் வக்கீலோடு வந்தவர்கள், கூட்டாளியோடு வந்தவர்கள். இவனுக்குத் துணை மடியில் கிடந்த இரும்புச் சட்டகம்தான். மனைவி போனபின் வாய்விட்டுப் பேசுவதே அற்றுப்போயிருந்தது. உள்ளே கூப்பிட்டபோதுகூட, வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று ஒரு கணம் உட்கார்ந்தே இருந்தான்.

சட்டகத்தை முதுகில் மாட்டினால் மூட்டையின் பாரம் தோளை விட்டு இடுப்புக்கு இறங்கும். காப்புரிமை கிடைத்தால் செய்து விற்கப் பட்டறைக்காரர் ஒருவர் தயார். கிடைக்காவிட்டால் சாகும்வரை மூட்டைதான். இது கடைசி விசாரணை.

ஆய்வாளர் அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கணினித் திரையைத் திருப்பினார். மலையேறுகிறவர்கள் மாட்டும் பழைய பை ஒன்றின் படம்.

“எதுக்கு உரிமை வேணும்னு நீங்க எழுதுன கோரிக்கையப் படிக்கிறேன், கேளுங்க. ‘முதுகில் பொருந்தி, பாரத்தை இடுப்புக்கு இறக்கும் சட்டகம்.’ இந்தப் பையும் அதத்தான செய்யுது?”

“அது துணிமணி வைக்கிற பைம்மா! இது மூட்டைக்கு.”

“மூட்டைன்னு கோரிக்கையில எழுதலையே.”

“படத்துல இருக்கே! வெவரத்துல பக்கம் பக்கமா எழுதியிருக்கேனே!”

“அர்த்தம் புரிய அதெல்லாம் உதவும். கோரிக்கையில இல்லாதத உள்ள கொண்டாந்து வைக்காது. உங்க வார்த்தைய நியாயமா எவ்வளவு அகலமா எடுத்துக்க முடியுமோ, அவ்வளவு அகலமாத்தான் நான் படிக்கணும்.”

“வேலிய அகலமாப் போட்டாத்தானம்மா நெலம் பெருசு?”

“பக்கத்து வீட்டுக் கொல்லையையும் சேத்துப் போட்டா நிக்குமா? இப்பத் திருத்தலாம். அதுக்குத்தான் வரச் சொன்னேன்.” அவர் குரலில் ஏளனம் இல்லை. “மூட்டைன்னு சேத்தா மட்டும் போதாது. படத்துல மார்புக்கிட்ட ஒரு பிடி இருக்கே, என்ன அது?”

நெட்டையன் தரையைப் பார்த்தான். “இழுத்தா பாரம் மொத்தமும் கழண்டு பின்னால விழுந்துரும். கால் தடுக்குனாலும் மூட்டை ஆள அமுக்காது.”

“நான் தேடுன எதுலயும் இது இல்ல. இதப்போய் ஏன் விட்டீங்க?”

மறந்து விட்டதல்ல. அந்தப் பிடி மச்சினனின் யோசனை. இருவரும் ஒரே கிடங்கில் சுமந்தவர்கள். மனைவி ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் திணறிய சாயங்காலம், நெட்டையன் பட்டறையில் சட்டகத்துக்குப் பற்றவைத்துக்கொண்டிருந்தான். இதோ, இதோ என்று போனில் சொல்லிச் சொல்லி, போய்ச் சேர்ந்தபோது முகத்தை மூடியிருந்தார்கள். “எங்கக்கா போறப்ப இரும்பக் கட்டிக்கிட்டுக் கெடந்த ஆளு நீ. என் யோசனைய உன் காகிதத்துல ஏத்துன, நான் மனுசனா இருக்கமாட்டேன்” என்றான் மச்சினன். அந்தச் சொல்லுக்குக் கட்டுப்பட்டுத்தான் கோரிக்கையில் பிடியை விட்டது. செய்த மாதிரியைப் பார்த்து வரைந்ததால் படத்தில் மட்டும் வந்துவிட்டது.

“அது என் மச்சினனோடதும்மா.”

“அப்ப கண்டுபிடிச்சவங்கள்ல அவர் பேரும் வரணும். கையெழுத்து வாங்கிட்டு வாங்க.”

வெளியே வந்து படிக்கட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டு போனை எடுத்தான். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தான்.

“என்ன?”

“மாப்ளே, அந்தப் பிடி...” பையைச் சொன்னான், வேலியைச் சொன்னான், கையெழுத்தைச் சொன்னான்.

“எம் பேரப் போடறியா?”

“ஒம் பேருதான் மொதல்ல.”

“அனுப்பு, கையெழுத்துப் போடறேன். மூட்டைக்கு அடியில எவனும் சாகக்கூடாது, அதுக்காக.” போனை வைக்கவில்லை. “வேற ஏதாச்சும் சொல்லணுமா மாமா?”

நெட்டையன் சுவரின் காரையை நகத்தால் சுரண்டினான்.

“இல்ல மாப்ளே.”

போன் வைக்கப்பட்டது. பிடியைச் சேர்த்தால் கோரிக்கை நிற்கும், காப்புரிமையும் வரலாம். அக்காளைக் கடைசி நேரத்தில் தனியே விட்டதற்காக மச்சினனிடம் கேட்கவேண்டிய மன்னிப்பு மட்டும் பாக்கி.