பத்துக்கு எத்தனை

பேன்ட்டை உள்புறம் வெளியே வரும்படி திருப்பி, பின் தையலை விளக்கருகே பிடித்துப் பார்த்தார் தையல்காரர். கறுப்புத் துணி. பிரித்த தையல்களின் ஊசித் துளைகள் அதில் அப்படியே நின்றன. துணியின் ஓரத்திலிருந்து சற்றுத் தள்ளி ஒரு வரிசை. அது அவர் முதலில் தைத்தது. அதற்கு உள்ளே ஒரு வரிசை. அதற்கும் உள்ளே இன்னொன்று. வற்றுகிற ஏரி கரையில் விட்டுப்போகும் கோடுகள் மாதிரி. எல்லாம் அவரே பிரித்து அவரே தைத்தவைதான். அப்போதெல்லாம் அளவைப் பார்த்தாரே தவிர, துளைகளைப் பார்க்கவில்லை.

வளரும் பிள்ளைகளுக்குத் தைக்கும்போது இடுப்பின் பின் தையலில் தாராளமாகத் துணி விட்டுத் தைப்பது அவர் வழக்கம். "இன்னைக்கு உள்ள விட்டது நாளைக்கு உதவும்" என்று வாடிக்கையாளர்களிடம் சொல்வார். மகள் கல்லூரியில் சேர்ந்தபோது இந்தப் பேன்ட்டுக்கும் அப்படித்தான் விட்டார். சாப்பாட்டுப் பிரியை, பின்னால் பிரித்து விட வேண்டியிருக்கும் என்று எண்ணினார். விட்ட துணி இப்போது இரட்டை மடங்காக உள்ளே சுருண்டு கிடந்தது. பின்பக்கத்துப் பைகள் இரண்டும் ஒன்றையொன்று நெருங்கி, இன்னும் ஒருமுறை பிடித்தால் தொட்டுக்கொள்ளும் போலிருந்தன. வேறு யாராவது கொண்டு வந்திருந்தால், "இதுக்கு மேல பிடிச்சா நல்லா இருக்காதும்மா, புதுசாத் தைச்சுக்கலாம்" என்று சொல்லியிருப்பார்.

காலையில் கல்லூரிக்குக் கிளம்பும்போது மகள் அதைத் தையல் இயந்திரத்தின் மேல் போட்டாள். "இடுப்புல இன்னும் கொஞ்சம் பிடிச்சிடுங்கப்பா. உள்ள இருக்கற துணியையும் வெட்டிருங்க, தடிமனாத் தெரியுது."

வாயில் குண்டூசிகள் இருந்தன. அவர் தலையை மட்டும் ஆட்டினார். வாயில் குண்டூசி இருந்தால் பேச வேண்டியதில்லை. இந்தத் தொழிலில் அவருக்கு மிகவும் பிடித்த விஷயமே அதுதான்.

இப்போது மாலை. மனைவி வேலைக்குப் போயிருந்தாள். வீட்டின் முன்னறைதான் தையல் கடை. நடுக்கதவுக்கு அப்பால் சமையலறை. அங்கிருந்து மகளின் கத்தி பலகையில் இறங்கும் ஓசை ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. தைப்பவருக்கு அந்தச் சீர் புரியும். பதற்றமில்லாத கை, கவனம் முழுவதும் அளவில்.

எல்லாம் அவருடைய சர்க்கரையில்தான் தொடங்கியது. மருத்துவர் திட்டி, ஊசி எழுதிக் கொடுத்த நாளில் அவர் வீட்டுக்கு வந்து, "ஊசியால பிழைக்கிறவனுக்கு ஊசியே மருந்து. கணக்கு சரியாப் போச்சு" என்றார். மனைவி சிரித்தாள். மகள் சிரிக்கவில்லை. மறுநாள் நூலகத்திலிருந்து தடித்த சமையல் புத்தகங்களைத் தூக்கி வந்தாள். ஆரோக்கியச் சமையல் எழுதுகிற வலைப்பூக்களைத் தேடித் தேடிப் படித்தாள். தராசு வாங்கினாள். வாரத்துக்குச் சில புதிய குறிப்புகள், ஒவ்வொன்றையும் செய்து பார்த்து, பெற்றோர் முன்னால் வைத்து, "பத்துக்கு எத்தனை?" என்று கேட்பாள். அவர்கள் சொல்லும் மதிப்பெண்ணைத் துண்டுத்தாளில் எழுதிப் புத்தகத்தின் அந்தப் பக்கத்தில் ஒட்டுவாள்.

முதல் மாதங்கள் வேடிக்கையாகத்தான் போயின. பூக்கோசைத் துருவி வேகவைத்துச் சோறு என்று வைத்தாள். "சோறுன்னு நம்பித்தானே வாய்ல வச்சேன். பெத்த அப்பனையே ஏமாத்திட்டியே!" என்றார். ஓட்ஸும் பேரீச்சம்பழமும் சேர்த்து அவள் சுட்ட கேக்கைப் பார்த்து மனைவி, "இதை சுவத்துல வச்சுப் பூசலாம், வீடு கெட்டியா நிக்கும்" என்றாள். கீரைகள் மட்டும் குவிந்திருந்த தட்டுக்கு, "முயல் பாத்தாப் பொறாமைப்படும்" என்று சொல்லி இரண்டு மதிப்பெண் கொடுத்தார். மகள் கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு அடுத்த வாரம் அதையே வேறு மாதிரி செய்தாள். கை தேறியது. சூப்புகளில் மணம் வந்தது. அவருடைய சர்க்கரை இறங்கியது. மருத்துவர் ஊசி மருந்தின் அளவைக் குறைத்து, "யார் சமைக்கிறது வீட்ல?" என்று கேட்டார். "என் பொண்ணு" என்று சொல்லும்போது அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

துணி தைக்க வரும் பெண்கள் அவளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். "எப்படி இருந்த பொண்ணு, இப்ப எவ்வளவு ஒல்லியா அழகா ஆயிட்டா! என்ன சாப்பிடறான்னு கேட்டுச் சொல்லுங்களேன்." அவர் சிரித்துக்கொண்டே அளவு நாடாவை அவர்கள் தோளில் வைத்தார்.

என்ன சாப்பிடுகிறாள். அந்தக் கேள்வியை அவரே கேட்டிருக்க வேண்டும்.

சின்ன வயதில் அவளுக்குக் கன்னம் உப்பியிருக்கும். பன்னு என்று அவர்தான் பெயர் வைத்தார். தெரு முழுக்க அதே பெயர். போன வருடம் ஒருநாள் அவள் தயங்கித் தயங்கி, "இனிமே அப்படிக் கூப்பிடாதீங்கப்பா" என்றாள். "பன்னைப் பன்னுன்னு கூப்பிடாம ரஸ்க்குன்னா கூப்பிடறது?" என்றார். கூடவே அவளும் சிரித்தாள். இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்பு அவருக்காகச் சிரித்தது போலத் தோன்றுகிறது.

போன வாரம்தான் அது நடந்தது. மனைவிக்குச் சலவை ஆலையில் மாலை வேலை, வர இரவாகும். அப்பாவும் மகளும் மட்டும் இருந்தார்கள். தக்காளியும் பருப்பும் சேர்த்த சூப்பை அவர் முன்னால் வைத்துவிட்டு அவள் எதிரே உட்கார்ந்தாள். "உப்பு சரியா இருக்காப்பா?" எப்போதும் கேட்பதுதான். அவர் ஒரு கரண்டி வாயில் வைத்தார். நாக்கு சுருண்டது. இரண்டு முறை போட்டிருக்கிறாள். மறந்து மூன்றாவது முறையும் போட்டிருக்கலாம். கடல் தண்ணீர் தேவலாம்.

அவர் நிமிர்ந்து மகளின் முகத்தைப் பார்த்தார். அவள் கையில் பென்சிலோடு, கண்ணில் ஆவலோடு காத்திருந்தாள். விளையாட்டில்லை. அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. சமைக்கும்போது ருசி பார்த்துப் பார்த்தே வயிறு நிறைந்துவிட்டது என்று தினமும் சொல்கிறவள், இதில் ஒரு துளிகூட நாக்கில் விட்டுப் பார்க்கவில்லை. இதில் மட்டுமா? அவர் மனம் பின்னோக்கி ஓடியது. எந்த வேளையிலும் அவள் வாய் அசைந்ததாக நினைவுக்கு வரவில்லை. தட்டு இருக்கும். பரிமாறும் கை இருக்கும். பேச்சும் சிரிப்பும் இருக்கும். எழுந்து போய்த் தண்ணீர் எடுத்து வருவாள். திரும்பி வரும்போது எல்லோரும் சாப்பிட்டு முடித்திருப்பார்கள்.

"பத்துக்கு எத்தனைப்பா?"

"எட்டு" என்றார் அவர். கிண்ணத்தில் இருந்த அவ்வளவையும் குடித்தார். ஏன் குடித்தார் என்று அவருக்கே தெரியவில்லை. கண்ணாடிப் பாத்திரம் கையிலிருந்து நழுவும்போது பிடிக்கப் போனால் தட்டிவிட்டுவிடுவோமோ என்று கை அப்படியே நிற்குமே, அந்த மாதிரி ஒரு பயம். அவள் எட்டு என்று எழுதி ஒட்டினாள். தாளை அழுத்திய விரல்களின் நுனி நீலம் பாரித்திருந்தது. வெயில் அடிக்கிற நாளில் அவள் கம்பளிச் சட்டை போட்டிருந்தாள்.

மறுநாள் காலை மனைவி துவைத்த துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தபோது கேட்டார். "அவ சாப்பிடறத நீ பாத்திருக்கியா?"

"தினமும் அவதானே சமைக்கிறா."

"சமைக்கிறா. சாப்பிடறதப் பாத்தியா?"

துண்டின் மடிப்பில் மனைவியின் கை நின்றது. "மத்தியானம் காலேஜ்ல நல்லாச் சாப்பிடறாளாம். ராத்திரி பசிக்கலங்கறா."

"காலேஜ்ல, ராத்திரி வீட்டுல நல்லாச் சாப்பிடறேன்னு சொல்லியிருப்பா."

"என்னங்க நீங்க!" மனைவி துண்டை உதறினாள். "உங்க சுகர் இறங்கிச்சு. என் முட்டி வலி குறைஞ்சிருக்கு. ஏதோ நல்லது நடக்குற வீட்டுல அபசகுனமாப் பேசிக்கிட்டு. வயசுப் பொண்ணு, அப்படி இப்படித்தான் இருப்பா." அதே துண்டைப் பிரித்து மறுபடி மடித்தாள். பிறகு அதையே மறுபடி. கொஞ்ச நேரம் கழித்து, அவரைப் பார்க்காமல் சொன்னாள்: "குளிக்கிற அறையில முடி கொத்துக் கொத்தாக் கிடக்குது. என்னுதுன்னு நினைச்சு நானே அள்ளிப் போட்டேன்."

அதற்குப் பிறகு இருவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. என்னவென்று தெரியாததற்கு எப்படிப் பெயர் சொல்வது? காய்ச்சல் என்றால் நெற்றியைத் தொடலாம். இது, வீடு முழுக்கச் சமையல் வாசனையாக இருக்கும்போது நடப்பது. கேட்டுவிட்டால் கதவைச் சாத்திக்கொள்வாளோ? இருக்கிற சிரிப்பும் போய்விடுமோ? அவர் ஒவ்வொரு நாளும் கேட்கத் தீர்மானித்தார். ஒவ்வொரு நாளும் குண்டூசிகளை வாயில் வைத்துக்கொண்டார்.

இப்போது கத்தரிக்கோல் கையில் இருந்தது. உள்ளே விட்ட துணியை வெட்டச் சொல்லியிருக்கிறாள். வெட்டுவது நொடி வேலை. வெட்டிவிட்டால் பிறகு எந்தத் தையல்காரனாலும் இதைப் பிரித்துப் பெரிதாக்க முடியாது. அவர் கத்தரியைத் திறந்தார். துணி அதன் நடுவே இருந்தது. கத்தரியைக் கீழே வைத்தார்.

"அப்பா, ஆயிருச்சு! ஊசி போட்டுக்குங்க" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

அவர் பழக்கப்படி சட்டையைத் தூக்கி வயிற்றில் ஊசியைப் போட்டுக்கொண்டார். போட்டால் உடனே சாப்பிட்டாக வேண்டும், இல்லாவிட்டால் சர்க்கரை மளமளவென்று இறங்கி மயக்கம் வரும். மருத்துவர் சொன்னதைவிடக் கண்டிப்பாக அவரிடம் அதைச் சொல்லி வைத்திருப்பவள் அவள்தான். பேன்ட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். ஏன் எடுத்துப் போகிறோம் என்று யோசிக்கவில்லை.

பூசணிக்காய் சூப். மேலே வறுத்த விதைகளைத் தூவி அழகாக வைத்திருந்தாள். பக்கத்தில் முழுக்கோதுமை ரொட்டி. வாசனை நன்றாகவே இருந்தது. பேன்ட்டை மேசையோரம் வைத்தார். உள்புறம் வெளியே இருந்தது.

"தைச்சிட்டீங்களா?"

"உனக்குத் தட்டு எங்க?"

"எனக்கு வேணாம்பா. ருசி பாத்துப் பாத்தே..."

"உப்பு சரியா இருக்கா?"

அவள் சிரித்தாள். "அதை நீங்கதான் சொல்லணும். பத்துக்கு எத்தனை?"

அவர் கரண்டியை எடுத்தார். பிறகு கிண்ணத்தின் பக்கத்தில் கிடத்தினார். அவர் திட்டமிட்டு எதுவும் செய்யவில்லை. கை தானாக வைத்துவிட்டது. "இன்னைக்கு நீ மார்க் போடு. நீ ஒரு வாய் சாப்பிடு. அப்புறம் நான்."

"விளையாடாதீங்கப்பா. ஆறிடும்."

அவர் கைகளை மேசைமேல் கோத்துக்கொண்டார். சுவரில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே யாரோ சைக்கிளை நிறுத்தும் சத்தம் கேட்டது. மகள் கொஞ்ச நேரம் சிரிப்பைப் பிடித்து வைத்திருந்தாள். பிறகு அது அவள் முகத்திலிருந்து மெல்ல இறங்கியது.

"அப்பா. ஊசி போட்டுட்டீங்க."

"ஆமா."

"இப்ப சாப்பிடலேன்னா என்ன ஆகும்னு தெரியும்ல?"

"தெரியும்."

அவருக்குப் பயமாக இருந்தது. ஊசிக்காக அல்ல. அவள் கரண்டியை எடுக்காமலே உட்கார்ந்திருந்துவிடுவாளோ என்று. தன் நோயைக் கத்தரிக்கோல் மாதிரி திறந்து பிள்ளையின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறோம் என்று. அப்படியும் அவள் எடுக்காவிட்டால், அவளைப் பிடித்திருப்பது அப்பனைவிடப் பெரியது என்று தெரிந்துவிடும். அதைத் தெரிந்துகொள்ளாமல் இருக்கத்தானே இத்தனை நாள் வாயில் குண்டூசி வைத்துக்கொண்டிருந்தார்.

கழுத்தின் பின்னால் வியர்வை துளிர்த்தது. உண்மையிலேயே சர்க்கரை இறங்குகிறதா, பயமா, தெரியவில்லை. கோத்த விரல்கள் லேசாக ஆடத் தொடங்கின. அவற்றை மறைக்க அழுத்தினார். அழுத்த அழுத்த ஆட்டம் கூடியது.

"இது நியாயமில்லப்பா" என்றாள் அவள்.

"நியாயம் இல்லதான்."

அவள் எழுந்து சூப்பை அள்ளி, கரண்டியை அவர் வாயருகே கொண்டுவந்தாள். "சாப்பிடுங்க. சொன்னாக் கேளுங்க. ஆ காட்டுங்கப்பா." அவர் உதடுகளை இறுக்கிக்கொண்டார். குழந்தையாக இருந்தபோது அவள் இப்படித்தான் மூடிக்கொள்வாள். விமானம் வருகிறது, ரயில் வருகிறது என்று அவர் கரண்டியைச் சுற்றிச் சுற்றிக் காட்டுவார். இப்போது இருவருக்கும் விளையாட்டுக் காட்டத் தெம்பில்லை. சூப் ஒரு துளி அவர் சட்டையில் விழுந்தது.

அவள் மறுபடி உட்கார்ந்தாள். அவள் பார்வை மேசையோரத்துப் பேன்ட்டில் போய் நின்றது. விளக்கு வெளிச்சத்தில் ஊசித் துளைகள் வரிசை வரிசையாகத் தெரிந்தன. சுருண்ட துணி வெட்டப்படாமல் இருந்தது. அதையே வெகுநேரம் பார்த்தாள்.

"எனக்கு முடியலப்பா" என்றாள் மெதுவாக. "வாய்கிட்ட கொண்டு போனாலே பயமா இருக்கு."

அவள் அப்படி ஒன்றைச் சொல்லி அவர் கேட்டதில்லை. பெயர் தெரியாமல் வீட்டுக்குள் நடமாடிக்கொண்டிருந்தது முதன்முறையாக மேசைக்கு வந்து உட்கார்ந்தது போலிருந்தது.

"எனக்கும்தான் கண்ணு" என்றார். நாக்கு தடித்திருந்தது. "ரொம்பப் பயமா இருக்கு."

அவள் முழங்கையை மேசையில் ஊன்றி, கரண்டியைத் தன் பக்கம் திருப்பினாள். ஆவி அவள் மேலுதட்டில் பட்டு ஈரமாய்ப் படிந்தது. உதடுகள் மூடியிருந்தன. கரண்டியில் சூப் சின்னச் சின்ன வட்டங்களாக அதிர்ந்துகொண்டிருந்தது. அவள் கை நடுங்கியதா, மேசையின் அந்தப் பக்கம் நடுங்கிய அவர் கைகளின் அதிர்வுதான் பலகை வழியே அவள் முழங்கைக்கு ஏறி அங்கே வந்து சேர்ந்ததா, சொல்ல முடியாது. நடுவில் மிதந்த ஒரு பூசணி விதை மட்டும் கரண்டியின் விளிம்பைத் தொடுவதும் விலகுவதுமாக இருந்தது.