நாப்பத்தோரு பேரோட ஒரு ரெசுமே

"முப்பத்தி மூணாவதா போட்டுகீற என்னை. மொத பேரே செத்துப்போனவரு பேரு."

"அமரர்னு ஆரம்பிக்குதுண்ணே. அகர வரிசையில அது தான் மொதல்ல வரும்."

"அப்போ நான் போயி செத்துட்டு வரட்டா?"

நான் டீ வாங்கினு திரும்பி வரும்போது டி.டி.பி. கடை உள்ளேருந்து கேட்டது இது. கத்துனது என் மச்சான் முத்துவேல், எங்க வீட்டுக்காரம்மா பரிமளாவோட தம்பி, நாடகத்துல நடிக்கறவன். பதில் சொன்னது கடைய நடத்தற தேவிப்ரியா. ரெண்டு பேரும் சண்ட போட்டுகினு இருந்தது ஏதோ கோயில் நோட்டீஸுக்காக இல்லீங்க. என் ரெசுமேவுக்காக.

மொதல்லருந்து சொல்லிடறேன். எம்பேரு தணிகாசலம். வயசு நாப்பத்தியேழு, ஊரு ஆரணி. பகல்ல பட்டுப்பொடவ கடையில பொடவய மடிச்சி பொட்டியில வைக்கற வேல. அது இல்லாம பத்தொம்போது வருசமா எங்க நாடக மன்றத்துல மேடைக்குப் பின்னால நிக்கறவன் நான் தான். யாரு எப்போ எந்தப் பக்கமா உள்ள போவணும், லைட்டு எப்போ அணையணும், கத்தி எங்க கீது, தாலி எங்க கீது, எல்லாம் நான் பாத்துக்குவேன்.

சென்னையில புதுசா ஒரு நாடக அரங்கம் தொறக்கறாங்களாம். ஸ்டேஜ் மேனேஜர் தேவைன்னு போட்டிருந்தாங்க. நான் செய்யற வேலைக்கு அப்பிடி ஒரு பேரு கீதுன்றதே எனக்கு அன்னிக்கு தான் தெரியும். மாசச் சம்பளம். இந்த வயசுல இன்னொரு தபா இப்பிடி ஒரு வேல என்னைத் தேடினு வராது. வெள்ளிக்கெழம அஞ்சு மணிக்குள்ள ரெசுமே அனுப்பணும், ஒரே பக்கம் தான் இருக்கணும், நம்மளத் தெரிஞ்ச ரெண்டு பேரோட போன் நம்பர் போடணும்னு எழுதி இருந்துது.

வியாழக்கெழம சாயங்காலம் தேவிப்ரியா கடைக்குப் போனேன். நல்லா வேல தெரிஞ்ச பொண்ணு. ஆனா அதுங்கிட்ட வர்றதெல்லாம் கோயில் நோட்டீஸு, மஞ்சத்தண்ணி பத்திரிக, நாடக நோட்டீஸு. அது போட்டுக் காட்டுனதுல நான் கையெடுத்துக் கும்புட்டுகினு நிக்கற போட்டோ அரப் பக்கம். ரெண்டு ஓரத்துலயும் குத்துவெளக்கு. கீழ 'மேடை வேந்தர்'னு செவப்புல எழுத்து. இதெல்லாம் நடிகருங்களுக்கும்மா, ஜனங்க கண்ணுல நான் பட்டாலே என் வேல கெட்டுப்போச்சுன்னு அர்த்தம்னு சொன்னேன். குத்துவெளக்க எடுத்துச்சு. வேந்தர எடுக்கத்தான் அதுக்கு மனசே வரல.

அப்புறம் கேட்டுச்சு. "நீங்க இன்னா செஞ்சீங்கன்னு சொல்லுங்கண்ணே. வரிசையா போட்டுடலாம்."

நானும் ரொம்ப நேரம் யோசிச்சேன். "ஒண்ணும் தப்பா நடக்கலம்மா"ன்னேன்.

"அத எப்பிடிண்ணே டைப் பண்றது?"

சரின்னு ரெண்டு பேரும் உக்காந்து எண்ணுனோம். முந்நூத்தி நாப்பது நாடகம். படவேட்டுல ஜெனரேட்டர் நின்னுபோயி நாலு நிமிசத்துல பெட்ரோமாக்ஸ் ஏத்துனது. தெள்ளாருல கல்யாண சீன்ல தாலி காணாம, என் பையில எப்பவும் வச்சிருக்கற மஞ்சக் கயித்த நீட்டுனது. எழுதிப் பாத்தா பக்கம் ரொம்பிடுச்சு. தெரிஞ்சவங்கன்னு மன்றத் தலைவர் நெடுஞ்செழியன் அய்யா பேரும், எங்க நாடகத்துல நடிக்கற பாஞ்சாலை அம்மா பேரும் குடுத்தேன். ஒரு பக்கம் கச்சிதமா முடிஞ்சிது.

அங்க தான் பேஜாரு ஆரம்பிச்சிது. எங்க ஊருல எந்த நோட்டீஸா இருந்தாலும் அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி மன்றத்து வாட்ஸப் குரூப்புல போட்டு, பேரு ஏதாவது விட்டுப்போச்சான்னு கேக்கணும். ஒரு தபா ஒருத்தரு பேரு விட்டுப்போனதுல ரெண்டு வருசம் திருவிழா நாடகமே நடக்கல. தேவிப்ரியா கைப்பழக்கத்துல என் ரெசுமேவையும் தட்டி விட்டுருச்சு. கூடவே வழக்கமா போடற வரி, பேர் விடுபட்டிருந்தால் இன்று இரவு எட்டு மணிக்குள் தெரிவிக்கவும்.

குரூப்புல அறுவத்தி மூணு பேரு.

தலைவர் பேருக்கு முன்னாடி கலைச்சுடர்ன்ற பட்டம் எங்கன்னு மொத மெசேஜு. ஜெனரேட்டர் வாடகைக்கு விடற காத்தவராயன் அவரு பேரோட ஜெனரேட்டர் போட்டோவையும் அனுப்புனாரு. பழைய மேக்கப்காரரு காலமாயி ரெண்டு வருசம் ஆவுது. எங்கப்பா இல்லன்னு விட்டுட்டீங்களான்னு அவரு பையன் கேட்டான், அமரர்னு போட்டு அவரையும் சேத்தோம். மேடையில முப்பது பேர நில்லுன்னா நிப்பாட்டிடுவேன் நான். கீழ எறங்கிட்டா ஒருத்தங்கிட்டயும் முடியாதுன்னு சொல்ல வராது. வெள்ளிக்கெழம மத்தியானம் பாத்தா நாலு பக்கம், நாப்பத்தோரு பேரு. சண்ட வரக்கூடாதுன்னு தான் தேவிப்ரியா அகர வரிசையில போட்டுச்சு. அதுக்குத்தான் முத்துவேல் கடைக்கே வந்துட்டான்.

நான் டீய கையில வச்சிகினு நிக்கும்போதே பரிமளா போன் பண்ணா. தம்பி அவகிட்ட சொல்லிட்டான் போல. எந்தம்பி பேரு மொதல்ல இல்லன்னா சென்னைக்கு நீங்க மட்டும் போங்கன்னு சொல்லிட்டு வச்சிட்டா. முத்துவேல் பேர மேல ஏத்துனோம். நாலு அம்பதுக்கு ரெசுமே போயிடுச்சு.

சனிக்கெழம கடையில பொடவ மடிச்சிகினு இருக்கும்போது போன் வந்துது. அரங்கத்துலருந்து இனியான்னு ஒரு பொண்ணு பேசுச்சு. வயசு கம்மி தான், ஆனா தெளிவான பேச்சு. மொத பேருக்குப் பேசுனேன், அவரு இருவது நிமிசம் அவரு நடிச்ச வேசத்தப் பத்தியே சொன்னாரு, ஒரு பாட்டும் பாடுனாருன்னுச்சு. ரெண்டாவது பேருக்கு முன்னாடி அமரர்னு இருந்துது, அதனால பண்ணலயாம். தலைவர் அய்யாவுக்குப் போன் போட்டா, உங்க அரங்கத்துல எங்க நாடகத்துக்கு எந்தத் தேதி காலியா இருக்குதுன்னு கேட்டாராம். பொடவய கீழ வச்சிட்டேன். வேல போயிடுச்சுன்னே முடிவு பண்ணிட்டேன்.

"உங்க பேப்பர ஒதுக்கி வச்சிடலாம்னு தான் சார் இருந்தேன். லிஸ்ட்டுல ஒரே ஒரு பொம்பள பேரு இருந்துது. சரி, கடைசியா அவங்களுக்குப் பேசிப் பாக்கலாம்னு பாஞ்சாலை அம்மாவுக்கு அடிச்சேன். நீங்க காய்ச்சல்ல படுத்துட்ட அன்னிக்கு, உங்க ஆரணி பக்கத்து சேத்துப்பட்டுல, கொல ஆகறதுக்கு முன்னாடியே பொணம் மேடைக்கு வந்துருச்சாமே?"

"ஆமாங்க."

"அப்புறம்?"

"கொல்ல வேண்டியவரு கத்தியோட உள்ள வந்தாருங்க. பாத்தாரு. யாரோ முந்திக்கினாங்களேன்னு சொல்லிட்டு அப்பிடியே வெளிய போயிட்டாரு. ஜனங்க கை தட்டுனாங்க."

போன்ல அந்தப் பொண்ணு சிரிக்கற சத்தம் கேட்டுது.

"பத்தொம்போது வருசத்துல நீங்க இல்லாதது அந்த ஒரு நாள் தானா சார்?"

"அந்த ஒரு நாள் தாங்க."

"நாப்பத்தோரு பேரு சொல்லாதத அந்த ஒரு நாளு சொல்லுது. அத எழுதுங்க. ஒரு பக்கம், ரெண்டு பேரு, திங்கக்கெழம காலையில பத்து மணிக்குள்ள. எங்க ஆளுங்க அத பாத்துட்டு தான் யார நேர்ல கூப்புடறதுன்னு முடிவு பண்ணுவாங்க."

பாஞ்சாலை அம்மா நல்லவங்க. ஒரே ஒரு விசயத்த மட்டும் சொல்லாம விட்டிருக்காங்க. அன்னிக்கு எனக்குப் பதிலா நின்னது யாருன்னு. முத்துவேலுங்க. யாரு எப்போ உள்ள போவணும்னு நான் எழுதிக் குடுத்த பேப்பர்ல ரெண்டு தாள ஒண்ணா பொரட்டிட்டான். வூட்டுல வந்து நாடகம் அமோகம், கைதட்டல் நிக்கவே இல்லன்னு சொன்னான். நானும் ஆமான்னுட்டேன். இன்னிக்கி வரைக்கும் பரிமளாவுக்கு ஒண்ணும் தெரியாது.

இன்னிக்கி ஞாயித்துக்கெழம. காலையில தேவிப்ரியா கடையில உக்காந்து ஒரு பக்கத்துக்குக் கொண்டாந்துட்டோம். திரும்பவும் குரூப்புல தட்டி விட்டுடக்கூடாதுன்னு, முடியற வரைக்கும் அதோட போன என் சட்டப் பையில வச்சிகினு தான் நின்னேன். போட்டோ இல்ல, வேந்தர் இல்ல, பேரு ரெண்டு தான், பாஞ்சாலை அம்மாவும் தலைவரும். நடுவுல ஒரு வரிக்கு மட்டும் எடம் விட்டுருக்கு. அந்த சேத்துப்பட்டு வரி. முத்துவேல் காலையிலருந்து மூணு தபா கேட்டுட்டான், எம்பேரு மொதல்ல தான கீது மாமான்னு. வேல கெடச்சா ஊரே அந்தப் பேப்பரக் கேட்டு வாங்கிப் படிக்கும், அவனும் படிப்பான். எழுதாம விட்டா முந்நூத்தி நாப்பது நாடகம்னு ஒரு நம்பரு தான் நிக்கும், அத யாரு வேணா எழுதலாம்.

இது எங்க மன்றத்துக் குரூப்பு இல்லீங்க. இந்தக் குரூப்புல முத்துவேலும் பரிமளாவும் இல்லன்றத ரெண்டு தபா பாத்துட்டு தான் போடறேன். நாடக வேலைக்கு ஆளு எடுத்தவங்க, இந்த மாதிரி வேலைக்கு எழுதிப் போட்டவங்க யாராவது இருந்தா சொல்லுங்க. அந்த ஒரு நாள, நின்னது யாருன்னு தெரியாத மாதிரி, ஒரே வரியில எப்பிடி எழுதறது? இல்ல, எழுதாமலே விட்டுடலாமா? நாளைக்கி காலையில ஒம்போது மணிக்குள்ள கீழ பதில் போடுங்க.