உஷாராணியின் காலைக் குரல்

உஷாராணிக்காகத் தாமரை பொய் சொன்னது கெட்ட எண்ணத்தில் அல்ல. இருவருக்கும் பிரிக்பீல்ட்ஸில் ஒரே வாடகை அறை, ஒரே கல்லூரி. மாணவர்களின் மனநலத்தைக் காக்கிறேன் என்று கல்லூரி 'துணை' என்றொரு செயலியைத் தலையில் கட்டியிருந்தது. தினமும் காலையில் அதனோடு இரண்டு வார்த்தை பேசாவிட்டால் வருகைப்பதிவில் கை வைப்பார்கள். குரலை வைத்தே மனசைக் கண்டுபிடித்துவிடுமாம். பெரிய சோசியக்காரன்தான்.

உஷாராணியோ கட்டிலை விட்டு எழுவதையே நிறுத்தியிருந்தாள். சோறு இறங்கவில்லை, பேச்சும் நின்றுபோனது. தாமரைக்குப் பாவமாக இருந்தது. அவளுடைய போனை எடுத்து, உஷாவைப் போலத் தன் குரலை மெல்லியதாக்கி, "நான் ஓகே லா, துணை. சாப்பிட்டேன்" என்று பேசிவைத்தாள். துணை அந்தப் பதிவைக் கிள்ளானில் இருக்கும் உஷாவின் அம்மா இராஜம்மாவுக்கும் அனுப்பிவிடும். வேலைக்கு மேல் வேலை என்று ஓடும் இராஜம்மாவுக்கு மகளோடு பேச்சென்றால் அதுதான். செமஸ்டர் முழுக்க இப்படியே ஓடியது.

அன்று வகுப்பு முடிந்து வந்தால் கட்டில் காலி. உஷாவின் போன் தலையணைமேல் கிடந்தது. வெளியே மழை கொட்டியது. தாமரை தன் போனில் துணையைத் திறந்தாள்.

"உஷாவைக் காணோம். கவுன்சிலரைக் கூப்பிடு."

"உஷாராணி நல்லா இருக்காங்க," என்றது துணை. "இன்னைக்குக் காலையில பேசினாங்க."

இன்று தாமரை பேசவே இல்லை. அவசரத்தில் மறந்திருந்தாள். உஷாவின் போனில் காலைப் பதிவைத் தட்டினாள்.

"நான் ஓகே லா. ரொட்டி சானாய் சாப்பிட்டேன். மழை வரும் போல."

தாமரையின் அதே மெல்லிய குரல். அவள் சொல்லாத வார்த்தைகள். அவள் மறந்த நாளில் துணை தானாகவே பேசியிருக்கிறது.

இராஜம்மாவை அழைத்தாள். "ஆன்டி, உஷா அங்க வந்தாளா?"

"இல்லையேம்மா. காலையிலகூட பேசினா. நல்லாத்தான் இருக்கா."

கதவு திறந்தது. சொட்டச் சொட்ட நனைந்து உஷாராணி நின்றாள். "வீட்டுக்குப் போலாம்னு சென்ட்ரல் ஸ்டேஷன் வரைக்கும் போனேன். டிரெயின் ஏற முடியல."

தாமரைக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அழுதுகொண்டே போனை அவள் காதில் வைத்தாள்.

நாள்கணக்கில் பேசாத தொண்டை கரகரத்தது. "அம்மா, எனக்கு முடியலம்மா. வந்து கூட்டிட்டுப் போ."



"யாரும்மா நீ?" என்றாள் இராஜம்மா. "என் மக குரல் எனக்குத் தெரியாதா?"