முந்தானை எந்தத் தோளில்

"திரும்பியிருக்கு! ஐயோ, மொத்தப் படமும் திரும்பியிருக்கு!" என்று நான் கத்தியது கல்லூரி மாடிப்படிவரை கேட்டிருக்கும். கேட்கட்டும். பழைய படங்கள் காப்பகத்தில் இத்தனை வருஷமாக வாய் மூடி வேலை பார்த்தவளுக்கு ஒரு நாளாவது கத்த உரிமையில்லையா?

விஷயம் இதுதான். வடோதராவில் எங்கள் கல்லூரி வாசலில் ஒரு காலத்தில் கல்லால் கட்டிய தண்ணீர்ப் பந்தல் இருந்தது. ஏதோ ஒரு பெருவெள்ளத்தில் இடிந்து, கல்லெல்லாம் யார் யார் வீட்டுத் துணி துவைக்கவோ போய்விட்டது. மிச்சம் ஒரே ஒரு பழைய படம். நடுவில் வாசல் வளைவு, அதற்கு இடப்பக்கம் பந்தல், பந்தல் படியில் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும் மாணவிகள், ஓரமாக ஒரு காவலாளி. நகராட்சி அந்தப் பந்தலை இருந்த இடத்திலேயே மறுபடி கட்ட முடிவு செய்தது. மேயர் அடிக்கல் நாட்டப்போவது இன்று காலை.

இருந்த இடம் எது? படத்தில் உள்ளபடி, சாலையிலிருந்து பார்த்தால் வாசலுக்கு இடப்பக்கம். அங்கேதான் காஞ்சன் மாசியின் டீ வண்டி நிற்கிறது. மாசி என்றால் சித்தி. எனக்கு மட்டுமல்ல, கல்லூரிக்கே அவள் சித்தி. பஸ் நிற்கும் இடமும் விடுதி வழியும் சேரும் முனை அது. அதை விட்டால் மாசிக்குப் பிழைப்பில்லை. நகராட்சி காட்டிய மாற்று இடம் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் பின்னால்.

"எருமைக்கா டீ ஊத்தச் சொல்றீங்க?" என்று கேட்டுப் பார்த்தாள். "படம் இருக்கே மாசி, நாங்க என்ன பண்றது?" என்றார்கள்.

அந்தப் படத்துக்குக் குறிப்பு எழுதியவர் மோஹிதே சாஹேப், எங்கள் வரலாற்றுத் துறைத் தலைவர். மராட்டிக்காரர், நல்லவர், பிடிவாதத்தில் ஒரு படி மேல். 'இக்கல்லூரியின் முதல் மராட்டி மாணவிகள்' என்று எழுதி, அதையே தன் புத்தகத்துக்கு அட்டைப்படமாகவும் போட்டுவிட்டார். விழா மேடையில் வைக்கப் பெரிய பிரிண்ட் வேண்டும் என்று நேற்றுதான் கேட்டார். கையில் இருந்த பிரிண்ட் எப்போதுமே கொஞ்சம் மங்கல். ஓவியத் துறைப் பரணிலிருந்து போன வாரம் வந்த மரப்பெட்டியில் அந்தப் படத்தின் நெகட்டிவ், மூலக் கண்ணாடித் தகடு, இருந்தது. அதை எடுத்து விளக்கு மேசையில் வைத்தபோதுதான் கத்தினேன்.

கண்ணாடித் தகட்டில் ஒரு பக்கம் பளபளப்பு, மறுபக்கம் மருந்து பூசிய மங்கல். மங்கல் பக்கம்தான் தாளோடு ஒட்ட வேண்டும். அந்தக் காலத்து மகானுபாவன் எவனோ பளபளப்பை ஒட்டவைத்துப் பிரிண்ட் போட்டிருக்கிறான். அதனால்தான் மங்கல். அதனால்தான் இடது வலதாகவும் வலது இடதாகவும் ஆகிவிட்டது.

எங்கள் குஜராத்திப் பெண்களுக்கு முந்தானை பின்னாலிருந்து வலத்தோள் வழியாக முன்னால் வரும். மராட்டிப் பெண்களுக்கு இடத்தோள் வழியாகப் பின்னால் போகும். பிரிண்டில் இருந்தது இடத்தோள். வேறு ஊராக இருந்தால் இந்தப் படத்தைப் பார்த்த அன்றே யாராவது தலையைச் சொறிந்திருப்பார்கள். எங்கள் ஊரில் இரண்டு தோளுக்கும் ஆள் உண்டு. அதனால் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. முந்தானை முன்னால் விரிந்திருக்கிறதே என்று நான் ஒரு தடவை கேட்டதற்கு, "அந்தக் காலத்து ஸ்டைல், பென்" என்று மோஹிதே வாயடைத்துவிட்டார். பென் என்றால் எங்கள் ஊரில் சகோதரி.

நான் காவலாளியின் கோட்டுப் பையைப் பார்த்தேன். பிரிண்டில் மேல்பை வலது மார்பில். தகட்டில் இடது மார்பில், உலகத்துக் கோட்டுகளில் எல்லாம் இருப்பதுபோல. போதும். பந்தல் இருந்தது வாசலுக்கு வலப்பக்கம்!

மோஹிதேவுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். கட் பண்ணினார். தகட்டை அறையை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது என்று கதவில் ஒட்டியவளே நான்தான். ஒட்டிய கையாலேயே அதை ஸ்வெட்டரில் சுற்றி, மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினேன்.

உத்தராயணப் பட்டத் திருவிழா நெருங்கிவிட்டது. வானம் முழுக்கப் பட்டம், மரத்துக்கு மரம் மாஞ்சா நூல். குனிந்து, விலகி, சைக்கிள்காரன் ஒருவனைத் திட்டி, அவனிடம் திட்டு வாங்கி, மூச்சிரைக்க வாசலுக்கு வந்தால் மாசியின் வண்டியை டிராக்டரில் கட்டிக்கொண்டிருந்தார்கள். மாசி வண்டி மேலேயே ஏறி உட்கார்ந்திருந்தாள்.

"கட்டுங்கடா, நல்லா இறுக்கிக் கட்டுங்க! என்னையும் சேர்த்து இழுத்துட்டுப் போங்க!"

வலப்பக்கம் மேடை, சிவப்புக் கம்பளம், மாலை போட்டுக்கொண்ட மேயர். மேடைக்குப் பின்னால் மோஹிதேயைப் பிடித்தேன்.

"கேத்தகி பென்! பிரிண்ட் எங்க?"

"பிரிண்ட் இல்ல சாஹேப். தகடே வந்திருக்கு."

"பைத்தியம் பிடிச்சிருக்கா உங்களுக்கு? உடைஞ்சா?"

"அப்புறம் திட்டுங்க. முதல்ல வானத்துக்கு நேரா பிடிச்சுப் பாருங்க."

அவர் விஷயம் தெரிந்தவர். ஓரத்தை விரல் நுனியால் தொட்டு மங்கல் பக்கம் எது என்று பார்த்தார். சரியாகத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார். முகம் தொங்கிப்போயிற்று.

"புத்தகம் அச்சாயிடுச்சு" என்றார்.

"தெரியும்."

"அட்டையில இந்தப் பொண்ணுங்கதான்."

"எங்க பொண்ணுங்க, சாஹேப்."

"குத்திக் காட்டாதீங்க பென். ரெண்டு வருஷமா ஊரெல்லாம் பேசியிருக்கேன், எங்க பொண்ணுங்கன்னு."

எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் டிராக்டர் கிளம்பும் சத்தம் கேட்டது. "அங்க பாருங்க" என்றேன். அவர் பார்த்தார். அவர் மட்டும் வாயைத் திறக்காவிட்டால் என் பேச்சை அங்கே யார் கேட்பார்கள்? தகட்டை என் கையில் கொடுத்துவிட்டு விறுவிறுவென்று மேடையேறினார். பேசிக்கொண்டிருந்தவரிடமிருந்து மைக்கைப் பிடுங்கியே விட்டார்.

"டிராக்டரை நிறுத்துங்க! படம் தலைகீழா... இல்ல, இடம் வலமா திரும்பியிருக்கு. தப்பு என்னோடது. பந்தல் அந்தப் பக்கம் இல்ல."

மேயர் அதட்டலான பெண்மணி. "அப்ப எங்கதான் இருந்துச்சு?" என்றார்.

"இப்ப நீங்க நிக்கிற இடத்துல, பென்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. எஞ்சினியர் ஓடிவந்தார். "மேடம், வரைபடம் பாஸாயிடுச்சு, இனிமே மாத்த முடியாது!"

"கடப்பாரை இருக்கா?" என்றார் மேயர்.

"அடிக்கலுக்குக் கொண்டுவந்தது இருக்கு."

"அப்புறம் என்ன? தோண்டிப் பாருங்க. நான் ரெண்டு தடவை மாலை போட்டுக்கத் தயாரா இல்ல."

மாணவர்கள் கம்பளத்தைச் சுருட்டிப் பலகைகளைக் கழற்றிவிட்டார்கள். கடப்பாரை இறங்கியது. மண். மறுபடி இறங்கியது. மண்தான். தகடு பொய் சொல்லாது, சொல்லாது என்று முணுமுணுத்துக்கொண்டே நின்றேன். கொஞ்சம் தள்ளிக் கடப்பாரையைப் போட்டார்கள். ணங்!

கையால் மண்ணை ஒதுக்கினால், விளிம்பு வளைத்துச் செதுக்கிய கல். அந்தப் பெண்கள் உட்கார்ந்திருந்த படி! எதிரியின் பட்டம் அறுந்ததுபோல் பையன்கள் விசிலடித்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. மோஹிதே வேட்டி அழுக்காவதைப் பார்க்காமல் குந்தி உட்கார்ந்து அந்தக் கல்லைத் தடவிக்கொண்டிருந்தார்.

வண்டிக் கயிற்றை மாசி தானே அவிழ்த்தாள். அவிழ்த்துவிட்டு நேரே என்னிடம் வந்தாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று நினைத்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"ஏம்மா, படத்தைக் காட்டித்தான் என்னைப் போகச் சொன்னாங்க. படத்தைக் காட்டித்தான் இப்ப இருக்கச் சொல்றாங்க. நான் இங்க நிக்கிறதுக்கு உன் ரூம்ல படம் இருக்கா?"

யோசித்தேன். பட்டமளிப்பு விழா இருக்கிறது, குவிமாடம் இருக்கிறது, வந்துபோன விருந்தாளிகள் அத்தனை பேரும் இருக்கிறார்கள். தினம் அவள் கையால் டீ குடித்த நான் ஒரு படம் எடுத்ததில்லை.

"இல்ல மாசி."

"அப்ப எடு."

போனை எடுத்தேன். மாசி வண்டிச் சக்கரத்தில் கை வைத்து விறைப்பாக நின்றாள். மோஹிதே மண் கையோடு வந்து, சிரித்த முகமாகப் பக்கத்தில் நின்றுகொண்டார்.

"நீங்க எதுக்கு நடுவுல? தள்ளி நில்லுங்க சாஹேப்" என்றாள் மாசி. "வாசல் தெரியணும்."