கேட்காமல் வந்த காப்பி

“என்ன வேணும்னு கேக்கவே மாட்டியாம்மா நீ?”

அக்காவும் தங்கையுமாகக் காப்பிக் கடை திறந்த முதல் வாரம், வீட்டுப் புரோக்கர் சின்னவளிடம் இப்படிக் கேட்டார். அவள் கப்பை வைத்துவிட்டு அடுப்பங்கரைப் பக்கம் ஓடிவிட்டாள். கல்லாவில் இருந்த பெரியவள்தான் பதில் சொன்னாள்.

“அவ கேக்க மாட்டா சார். வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடும்னு பயம். குடிச்சுப் பாருங்க, பிடிக்கலேன்னா என்னைத் திட்டுங்க.”

புரோக்கர் குடித்துப் பார்த்தார். பால் குறைவு, சர்க்கரை தனியாக. முந்தின நாள் அவர் முகம் சுளித்துப் பாதியில் வைத்துவிட்டுப் போனதைச் சின்னவள் கவனித்திருந்தாள். அதற்குப் பிறகு அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. வேறு யாரும் கேட்கவில்லை.

கூச்சத்தில் ஆரம்பித்தது கடையின் வழக்கமாகிவிட்டது. அடுப்புக்கு மேலே தெருவைப் பார்த்த ஜன்னல். வாடிக்கைக்காரர் சாலையைக் கடக்கும்போதே சின்னவளின் கை பாலைத் தேடிப் போகும். அவர் உட்காரும்போது காப்பி வந்து நிற்கும். நர்சம்மாவுக்குக் கொதிக்கக் கொதிக்க. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாருக்கு ஆறவைத்து. இதற்காகவே இரண்டு தெரு தாண்டி வந்தவர்கள் உண்டு.

புரோக்கருக்கு ஆபீஸ் கிடையாது. மூலை மேசைதான் ஆபீஸ். விசிட்டிங் கார்டில்கூடக் கடையின் விலாசத்தைத்தான் அச்சடித்திருந்தார். வீடு தேடுகிறவர்கள் நேராகக் கல்லாவுக்கு வந்து அவரைக் கேட்பார்கள்.

“அவரு இங்க குடியிருக்காரு. நாங்கதான் வாடகைக்கு இருக்கோம்” என்பாள் பெரியவள். “ஒரு காப்பிக்கு மூணு மணி நேரம். அந்தக் கப்பே சலிச்சுப்போய் எந்திரிச்சுப் போயிடும் போல.”

மூலை மேசையிலிருந்து சிரிப்பு வரும். ஏழு வருஷம் இப்படி ஓடியது.

ஒருநாள் புரோக்கர் வாசலைப் பார்த்து உட்காராமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். எதிரே புது ஆள், மடிப்புக் கலையாத சட்டை. சின்னவள் அவனைக் கொஞ்ச நேரம் ஜன்னலோரத்திலிருந்து அளந்துவிட்டு, சர்க்கரை இல்லாமல் கெட்டியாக ஒன்று கொண்டுபோய் வைத்தாள்.

“எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?” என்றான் அவன். முகம் மலர்ந்துவிட்டது.

“நம்ம சொந்தக்காரப் பையன்மா” என்றார் புரோக்கர். “வேற ஊர்ல கடை போடப் போறான். தொழில் தெரியாது. நீ கொஞ்சம் சொல்லிக்குடேன்.”

யாரும் அவளிடம் எதையும் சொல்லிக்கொடுக்கச் சொன்னதில்லை. எட்டாம் வகுப்போடு நின்றவளிடம் என்ன கேட்பார்கள்? அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே பேசினாள்.

“காலைல எட்டுலேருந்து ஒம்பதரை வரைக்கும் நிக்க எடம் இருக்காது. ஆஸ்பத்திரியில ஷிப்ட் மாறும். மூணு மணிக்குப் பிள்ளைங்கள டியூஷன்ல விட்டுட்டு அம்மாங்க வருவாங்க. மழை பெஞ்சா இன்னும் கூட்டம். இந்தத் தெருவுல ஒக்காந்து பேச வேற எடம் இல்லையே.”

“ரொம்ப நேரம் உக்காந்தே இருப்பாங்களா?”

“இருக்கட்டும்னு விடணுங்க. உள்ள ஆளு இருந்தாத்தான் வெளிய போறவங்க உள்ள வருவாங்க.”

அவன் எல்லாவற்றையும் போனில் குறித்துக்கொண்டான். பெரியவள் கல்லாவிலிருந்து கத்தினாள்: “அடியே, ஏழு வருஷத்துல எங்கிட்டகூட இவ்வளவு பேசினதில்லையேடி!”

அன்று முழுக்கச் சின்னவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

இரண்டு மாதம் கழித்துக் கட்டடச் சொந்தக்காரர் வந்தார். வருஷம் முடிகிறது, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப்போவதில்லை என்றார். ஊரெல்லாம் கடை வைத்திருக்கும் ஒரு காப்பிக் கம்பெனி கேட்கிறதாம். வாடகை இரண்டு மடங்காம். புரோக்கர்தான் கொண்டுவந்து சேர்த்தாராம்.

“நான் என்னம்மா பண்ண?” என்றார் கட்டடச் சொந்தக்காரர். “ஷிப்ட் மாறுற நேரத்துல நிக்க எடம் இல்லையாம். மழை பெஞ்சா இன்னும் கூட்டமாம். ஒக்காந்து பேச வேற எடமே இல்லாத தெருவாம். இப்படிப்பட்ட எடத்தை நானும் இத்தனை நாளாச் சும்மா விட்டு வச்சிருக்கேன்.”

சின்னவளின் வார்த்தைகள் ஒன்று விடாமல் அவர் வாயிலிருந்து வந்தன. பெரியவள் திரும்பித் தங்கையைப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

வாடிக்கைக்காரர்கள் ஒரு வாரம் உச்சுக்கொட்டினார்கள். “அநியாயம்” என்றார் கணக்கு வாத்தியார். “உங்க கை காப்பி இனி எங்க கிடைக்கும்?” என்று நர்சம்மா கண் கலங்கினாள். கம்பெனியின் புதுப் பலகை ஏறிய அன்று எல்லோருக்கும் இலவசக் காப்பி. வாத்தியாரும் நர்சம்மாவும் முதல் வரிசையில் நின்றார்கள்.

பெரியவள் தையல் கடையில் பட்டன் தைக்கப் போனாள். புரோக்கர் ஒருநாள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

“சின்னவளுக்கு அங்கேயே வேலைக்குச் சொல்லி வச்சிருக்கேன். என்னால முடிஞ்சது.”

“முடிச்சது நீங்கதானே” என்றாள் பெரியவள். ஆனால் அடுத்த வாரம் தங்கை கிளம்பியபோது தடுக்கவில்லை. வீட்டு வாடகை இருக்கிறதே. “போ. அங்கயும் போய் எல்லாத்தையும் சொல்லிக்குடு” என்று மட்டும் சொன்னாள்.

புதுக் கடையில் அடுப்பு இல்லை. ஜன்னல் இருந்த இடத்தில் முழுக்கக் கண்ணாடி. தெரிந்த முகமாக இருந்தாலும் என்ன வேண்டும் என்று கேட்க வேண்டும், பெயர் கேட்டுக் கப்பில் எழுத வேண்டும். அதுதான் சட்டம். சின்னவளுக்குக் குரலே எழும்பவில்லை. சூப்பர்வைசர் பெண் அவளைக் கண்ணாடிமுன் நிறுத்தி, “என்ன வேணும் சார்?” என்று நூறு தடவை சொல்லவைத்தாள்.

ஒருநாள் பத்தரை மணிக்குப் புரோக்கர் சாலையைக் கடப்பது தெரிந்தது. கை தானாகப் போய்விட்டது. பால் குறைவு, சர்க்கரை தனியாக. கப்பு மெஷின் ஓரத்தில் ஆவி பறக்க நின்றது.

அவர் விலைப்பலகையை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. “வந்துட்டேன்மா” என்று சிரித்தார்.

“என்ன வேணும் சார்?”

“அடடே, பேச்செல்லாம் வந்துடுச்சே! சரி சரி, கொண்டா.”

“என்ன வேணும் சார்?”

குரல் நடுங்கவில்லை. அவளுக்கே அது யாருடைய குரலோ என்றிருந்தது.

“என்னம்மா விளையாட்டு? எனக்கு என்னன்னு உனக்குத் தெரியாதா? ஏழு வருஷம்மா!”

“பேரு சொல்லுங்க சார். கப்புல எழுதணும்.”

பின்னால் வரிசையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். புரோக்கரின் கண் மெஷின் ஓரத்துக் கப்பில் போய் விழுந்தது. பக்கத்தில் தனியாக வைத்த சர்க்கரைப் பொட்டலத்திலும் விழுந்தது. அவளும் அதைப் பார்த்தாள். எடுத்துக் கொடுக்கவில்லை. பேனாவைப் பிடித்தபடி நின்றாள்.

அவர் வெளியே எடுத்த பர்ஸை மெல்ல மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பழைய மூலை மேசை இருந்த பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு வரிசையை விலக்கிக்கொண்டு வெளியே போனார்.