மழைக்கு எண் கிடையாது

மாமாவுக்கு அந்தப் புயல் பெரியதாக இருக்க வேண்டியிருந்தது. அது எவ்வளவு பெரியது என்று நான் சொன்ன பிறகுதான், என்னோடு கண்டிக்கு வருவதா இல்லையா என்று முடிவு சொல்வாராம். தொலைபேசியில் அவ்வளவுதான் சொன்னார்.

மாமா என் மனைவி தயாளினியின் அப்பா. பெயர் லெட்சுமணன். கலஹாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில், வரிசை வீடுகளான லயத்தில் ஒரு காம்பராவில் தனியாக இருந்தவர். கார்த்திகையில் புயல் வந்தபோது தயாளினி அவரைப் பார்க்கப் போயிருந்தாள். லயத்துக்குப் பின்னால் இருந்த மலை இறங்கியது. அவள் அடுப்படியில் இருந்தாள். அவர் முன்பக்கம் இஸ்தோப்புத் திண்ணையில் இருந்தார். அவர் பிழைத்தார்.

தை முடியும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். வீடிழந்தவர்களைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் தங்கவைத்திருந்தார்கள். கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. அடுத்த வாரம் காலி செய்ய வேண்டும். மற்றவர்களுக்கு அண்ணன் வீடு, மகன் வீடு என்று ஏதோ இருந்தது. மாமாவுக்கு நான்.

வாசலில் கணபதி பல் துலக்கிக்கொண்டிருந்தார். மாமாவின் பக்கத்துக் காம்பராக்காரர்.

"வாங்க சேர். ஒங்க மாமனாரு நேத்துலருந்து சோறு திங்கல. அந்த டிவிக்காரன கட்டிவச்சு ஒதைக்கணும்."

"என்ன நடந்துச்சு?"

"அது அஞ்சாம் நம்பர் புயலு, அதுக்கு மேல ஒலகத்துலயே நம்பரு இல்லன்னு சொல்லிவச்சிருந்தேன். மனுசன் அத கேட்டுட்டு கொஞ்சம் தின்னாரு, தூங்குனாரு. நேத்து கடைக்கு டீ குடிக்கப் போனா, டிவியில ஒருத்தன் அது சின்னப் புயலுங்குறான்."

"அஞ்சாம் நம்பர்னு யார் சொன்னா?"

"நாந்தான். ஏன் சேர், நான் சொன்னா நம்பர் ஆகாதா?"

உள்ளே மாமா பிள்ளைகளின் சின்னக் கதிரை ஒன்றில் உட்கார்ந்திருந்தார். முழங்கால்கள் நெஞ்சுவரை வந்திருந்தன.

"வாங்க மாப்ள. டீ குடிச்சீங்களா?"

"குடிச்சேன்."

"நீங்க பள்ளிக்கூடத்துல இதத்தானே படிச்சுக் குடுக்குறீங்க? கணபதி சொல்றது சரியா, டிவி சொல்றது சரியா?"

நான் புவியியல் ஆசிரியர். புயல் அட்டவணையை ஒவ்வொரு வருடமும் பலகையில் எழுதுகிறேன். தயாளினி போன பிறகும் எழுதினேன். கணபதியின் ஐந்தை அப்படியே விட்டுவிடலாம் என்று வாசலில் நினைத்திருந்தேன். மாமாவின் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை.

"டிவிதான் சரி. அஞ்சு நம்பர் அமெரிக்காக் கணக்கு. அதுல ஒண்ணாம் நம்பருக்கே காத்து மணிக்கு நூத்தி இருபது கிலோமீட்டர் கிட்ட அடிக்கணும். நம்ம கடலுக்கு வேற கணக்கு. தாழமுக்கம், ஆழ்ந்த தாழமுக்கம், அதுக்கு மேல புயல், அப்புறம் கடும் புயல்னு ஏறிக்கிட்டே போகும். இது புயல்ங்கிற படியோட நின்னுபோச்சு. புயல்கள்ல அதுதான் மொதப் படி."

"மொதப் படி."

"ஆமா."

கணபதி வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டார். "என்னா சேர் நீங்க, பரீட்சை பேப்பரா திருத்துறீங்க?"

மாமா அவரைக் கவனிக்கவில்லை. "மொதப் படியில இருக்குறது எப்படி மாப்ள ஒரு மலைய இழுத்துக்கிட்டு வரும்?"

"அந்தப் படியெல்லாம் காத்துக்கு மட்டுந்தான் மாமா. எவ்வளவு வேகமா அடிக்குதுன்னு பாத்துக் குடுக்குறது. மழைய அதுல சேக்குறதில்ல. சின்னப் புயல் மெதுவா நகந்தா ஒரே எடத்துல நின்னு கொட்டும். நமக்கு வந்தது மழை."

"மழைக்கு நம்பர் இல்லயா?"

"எவ்வளவு பெஞ்சுச்சுன்னு அளப்பாங்க. புயலோட படியில அது வராது."

இதை நான் பலகையில் எழுதியதில்லை. கேள்வித்தாளில் வருவதில்லை.

அவர் முகம் கொஞ்சம் இளகும் என்று எதிர்பார்த்தேன். இறுகியது.

"நான் காத்துக்குத்தான் கல்லு வச்சேன்" என்றார்.

"என்ன கல்லு?"

"இப்ப எதுக்குண்ணே அது" என்றார் கணபதி.

மாமா சொன்னார். தோட்டத்தில் சூறாவளி என்றால் கூரைதான். தகரம் பறக்கும். ரேடியோவில் அறிவித்ததும் லயத்தில் எல்லோரும் தகரத்தின் மேல் கல்லும் பழைய டயரும் ஏற்றினார்கள். மற்றவர்கள் ஆற்றிலிருந்து கல் சுமந்தார்கள். மாமாவுக்கு முழங்கால் வலி. காம்பராவுக்குப் பின்னால் மண்மேட்டைத் தாங்கி ஒரு கல்லுக்கட்டு இருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் சாந்து இல்லாமல் அடுக்கியது. தன் காம்பராவுக்கு நேராக இருந்த வரிசைகளைக் கழற்றினார். காற்று போனதும் திருப்பி அடுக்கிவிடலாம் என்று நினைத்தார்.

"அவதான் கீழருந்து தூக்கிக் குடுத்தா. 'போதுமாப்பா, இன்னொண்ணு வேணுமா'ன்னு கேட்டுக் கேட்டுக் குடுத்தா. ஒரு தகரங்கூட அசையல மாப்ள."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கல் தூக்கும்போது வளையலைக் கழற்றி வைத்திருப்பாளா என்று மட்டும் யோசித்தேன்.

"கட்டு முழுசா இருந்திருந்தா நின்னிருக்குமா?"

அவருக்குப் பின்னால் நின்ற கணபதி என்னைப் பார்த்து இல்லை என்று தலையாட்டினார்.

"நின்னிருக்காது மாமா."

"அந்த எடத்த பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. அவளை ஆஸ்பத்திரியில்தான் கொடுத்தார்கள். அப்போது தோட்டத்துப் பாதை மூடியிருந்தது. பிறகு திறந்தார்கள். அப்போதும் நான் லயத்துப் பக்கம் போகவில்லை.

"இல்ல."

"அப்ப வாங்க."

கணபதியும் கூட வந்தார். உள்ளே போகக் கூடாது என்று நாடா கட்டியிருந்தார்கள். மாமா அதைத் தூக்கிப் பிடித்து எனக்கு வழிவிட்டார்.

மேலே தேயிலையில் ஒரு பட்டை முழுக்க இல்லை. மாமாவின் காம்பரா இருந்த இடம் வெறும் மண். அதில் புல் முளைத்திருந்தது. பக்கத்தில் கணபதியின் காம்பரா சாய்ந்து கிடந்தது, ஆனால் விழவில்லை. அதன் பின்னால் கல்லுக்கட்டு இருந்தது. வயிறு தள்ளி, இரண்டு இடத்தில் பிளந்து, இன்னும் மண்ணைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"கணபதி," மாமா கேட்டார், "ஒனக்கு எவ்வளவு நேரம் கெடச்சிச்சு?"

"அத எங்கண்ணே பாத்தேன். பொஞ்சாதிய இழுத்துக்கிட்டு ஓடுனேன்."

"செருப்பு போட்டியா?"

கணபதி தரையைப் பார்த்தார். "போட்டேன்."

"இவ்வளவு மண்ணுக்கு அந்தக் கட்டு பத்தாது மாமா" என்றேன். "எப்படியும் வந்திருக்கும்."

"கொஞ்ச நேரம் நின்னிருக்கும்."

"கொஞ்ச நேரம்."

"அது போதும் மாப்ள. அவ வேகமா ஓடுவா. பள்ளிக்கூடத்துல கப்பு வாங்குனவ."

எனக்கு அது தெரியாது. எங்களுக்குத் திருமணமாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவள் ஓடி நான் பார்த்ததே இல்லை. பஸ்ஸுக்குக்கூட நிதானமாகத்தான் நடப்பாள். நான்தான் முன்னால் போய் நின்று திரும்பிப் பார்ப்பேன்.

மாமா அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் கண்டிக்கு வரல. காலையில எந்திரிச்சு எம்மொகத்துல முழிப்பீங்களா? சோறு திங்க ஒக்காந்தா எதிர்ல நான் இருப்பேன். நானும் அவளும் கல்லு எடுத்தது ஒங்களுக்கு ஞாபகம் வந்துக்கிட்டே இருக்கும். முடியுமா ஒங்களால?"

முடியும் என்று சொல்ல வாயெடுத்தேன். பார்க்காத இடத்தைப் பற்றி இன்றைக்கு ஏற்கெனவே ஒருமுறை பதில் சொல்லியிருந்தேன்.

"தெரியல மாமா."

"தெரியலன்னா?"

"தெரியலதான். வாங்க, இருந்து பாப்போம்."

கணபதி மாமாவின் அக்குளில் கை கொடுத்தார். "எந்திரிங்கண்ணே. சேர் பாவம், பொய் சொல்லத் தெரியல. இந்த மாதிரி ஆளோட இருக்குறது நல்லதுதான்."

அவருடைய துணி ஒரு கடைப் பைக்குள் அடங்கிவிட்டது. பஸ்ஸில் ஜன்னலோரத்தை அவருக்கு விட்டேன். கோபம் இனிமேல் வருமோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வரலாம். அவருக்கும் அது தெரிந்திருக்கும். கையைப் பையின் மேல் வைத்து, எந்த இடத்திலும் இறங்கிவிடுகிறவர் போல உட்கார்ந்திருந்தார்.

பேராதனை நெருங்கும்போது கேட்டேன்.

"அவ கப்பு வாங்குனது எத்தனாம் வகுப்புல?"

"எட்டாம் வகுப்புல" என்றார். கொஞ்சம் கழித்து, "ஒம்பதாவதுலயும்" என்றார்.