பத்து ஃப்ரேம் முன்னால்

இரண்டாம் எண் ஈ பின்னங்கால்களில் எழும்பி நின்று, ஒன்றாம் எண்ணின் முதுகில் ஓங்கி விழுந்தது. இந்த வீடியோவில் இது பத்தொன்பதாவது முறை. அடிபட்டதன் சிறகு நுனி கிழிந்து தொங்கியது. மூத்தவள் ‘பாய்ச்சல்’ என்று குறித்தாள். கட்டுப் போட்ட விரல் முட்டி விண்ணென்று தெறித்தது.

ஆய்வுக்கூடத்தில் நாலு வருஷமாக அவளுக்கு இதுதான் வேலை. பழ ஈக்களின் சண்டையைப் பார்த்து எது மிரட்டல், எது பாய்ச்சல், எது தற்காப்பு என்று குறித்துக் கொடுத்தால், அதைக் கற்றுக்கொண்டு மீதி வீடியோக்களைக் கணினியே வகை பிரிக்கும். கெட்டிக்காரக் கணினிதான். ஆனால் ஈக்கள் கட்டிப் புரண்டு விலகும்போது எண்களை மாற்றி ஒட்டிவிடும். அடித்தது ஒன்று, பழி இன்னொன்றுக்கு. அதனால் பேராசிரியர் ஒரு விதி வைத்திருந்தார். “அடி விழுந்த இடத்த நம்பாதீங்க. பத்து ஃப்ரேம் பின்னாடி போய், யாரு முதல்ல நெருங்கினதுன்னு பாத்துட்டுக் குறிங்க.”

காலையில் வாசல் மாடிப்படியில் தங்கையும் அவளும் அப்படித்தான் கட்டிப் புரண்டார்கள். மொட்டைமாடிக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த மூத்தவளின் துணிகளை இளையவள் தள்ளிப் போட்டாள் என்பதில் ஆரம்பித்தது. இளையவள் தலைமயிரைப் பிடித்தாள், விரல் முட்டியைக் கடித்தாள். மூத்தவள் அவள் வாயிலேயே குத்தினாள். பிறகு காலால் உதைத்தாள். பதினோரு படி உருண்டு போய் விழுந்தவளின் தோள் எலும்பு முறிந்த சத்தம் மேலே வரை கேட்டது. அந்த ஒரு நொடி மூத்தவளுக்கு இனித்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

“வாளியத் தூக்கி அடிக்க வந்தா. தடுத்தேன், விழுந்துட்டா” என்றுதான் சொன்னாள். அதை அவளே முழுதாக நம்பவும் செய்தாள். வீட்டில் யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. இளையவளுக்கு ஏழு வயதிலிருந்தே சண்டைக்கோழி என்று பெயர். அக்காவின் நெற்றியில் கல்லெறிந்த நாளில் விழுந்த பெயர் அது. அதற்கு முன் யார் யாரைச் சாக்கடையில் தள்ளியது என்று அன்றைக்கும் யாரும் கேட்கவில்லை.

மதியம் எதிர்வீட்டுக்காரரிடமிருந்து ஒரு வீடியோ வந்தது. கூடவே அவர் குரல்: “எங்க வாசல் கேமராவுல விழுந்திருக்கும்மா. உங்களுக்கு மட்டும்தான் அனுப்பியிருக்கேன்.”

நல்லதாகப் போயிற்று, சாட்சியே கிடைத்துவிட்டது என்று அதைக் கணினியில் ஏற்றினாள். பழகிய விரல் முதல் அடி விழும் இடத்தில் நிறுத்தியது. அம்மாவின் அழைப்பும் அப்போதுதான் வந்தது. ஃபோனை ஒலிபெருக்கியில் போட்டு மேசைமேல் வைத்தாள்.

“பூட்டு மாத்துற ஆள் வந்து நிக்கிறாரு” என்றாள் அம்மா. “ஆஸ்பத்திரியிலிருந்து அவ இனிமே இங்க வர வேண்டாம். எங்கயாவது போய்ப் பொழச்சிக்கட்டும். ஆனா பெத்த வயிறு, கேக்காம இருக்க முடியல. முதல்ல கை ஓங்கினது அவதானே?”

திரையில் இளையவள் இரண்டு படி கீழே நின்றாள். ஈரத்துணி வாளியை இரண்டு கையாலும் மார்போடு அணைத்திருந்தாள். கை மேலே இருந்தது ஒருத்திக்குத்தான்.

மூத்தவள் ஒவ்வொரு ஃப்ரேமாகப் பின்னோக்கிப் போகும் பொத்தானைத் தட்டினாள். ஓங்கிய கை கொஞ்சம் இறங்கியது. இன்னொன்று. இன்னும் கொஞ்சம்.

“லைன்ல இருக்கியா? ஆள் காத்துட்டிருக்காருடி.”

இன்னும் இரண்டு. விரல்கள் விரிந்து கை இடுப்புக்கு வந்தது. படியிறங்கிய கால்கள் ஒவ்வொன்றாக மேலே ஏறிக்கொண்டன. கீழே இளையவள் வாளியோடு நின்று, அக்காவுக்கு வழிவிடச் சுவரோரமாக ஒதுங்கிக்கொண்டிருந்தாள்.